நாய்ப் படக் காலண்டர்: லென்சைவிடத் தரையும் நேரமும் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களின் கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி, சிகிச்சைச் செலவுகளுக்குப் பணம் திரட்ட, வளர்ப்பு நாய்களைப் படமெடுத்துக் காலண்டர் போடும் முயற்சிகள் நம் ஊர்களிலும் நடக்கின்றன. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் ஏற்பாட்டாளர்கள் பலர் நல்ல லென்சுக்கு அலையும் அளவுக்கு, நாய் எத்தனை மணிக்கு வரும், எதன்மேல் நிற்கும் என்று யோசிப்பதில்லை. படம் கெடுவதே அங்கேதான்.

காலை பத்து மணிக்கு வரச் சொல்வது முதல் தவறு. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நாக்கு நீளத் தொங்கும் படத்துக்குக் கீழே ‘சிரிக்கும் செல்லம்’ என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது சிரிப்பல்ல, வெப்பம் தாங்காத இரைப்பு. ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் சூட்டைச் சற்றும் தாங்காது என்பதால் அவற்றை முதலில் எடுக்கலாம். ஒரு நாய்க்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதில் முதல் ஐந்து நிமிடம் கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும், நாய் மோப்பம் பிடித்து இடத்தைப் பழகிக்கொள்ளும். இந்தக் கணக்கில் ஒரு புகைப்படக்காரருக்கு ஆறு நாய்கள்தான் தேறும். முப்பது பேரிடம் பணம் வாங்கிவிட்டு வரிசையில் நிறுத்தினால், ஒன்றையொன்று முறைத்தே எல்லா நாயும் களைத்துப்போகும். பருவத்தில் இருக்கும் பெண் நாயை அன்று வீட்டிலேயே விட்டுவருவது எல்லோருக்கும் நல்லது.

அடுத்தது தரை. வழவழப்பான பிளெக்ஸ் பேனரைப் பின்னால் தொங்கவிட்டு, அதையே தரைக்கும் விரிக்கிறார்கள். நகத்துக்குப் பிடிமானம் கிடைக்காமல் நாய் காலை அகட்டும், காதைப் பின்னுக்கு ஒட்டும், வாலை இடுக்கும். அந்தப் படத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ரப்பர் பாய் போட்டு அதன்மேல் ஒரு பவானி ஜமக்காளம் விரித்தால் போதும்.

வேப்பமரத்தடி நமக்குச் சுகம், படத்துக்கு ஆகாது. இலைகளின் ஊடே விழும் வெயில் உடம்பெங்கும் திட்டுத் திட்டாகப் பதியும். காலையில் ஏதாவது கட்டடத்தின் மேற்குப் பக்க நிழலே உகந்தது. வெள்ளை ராஜபாளையத்தைப் புல்தரையில் நிறுத்தினால் வயிறும் தாடையும் பச்சையடிக்கும். அதற்குச் சிமென்ட் தரையே நல்லது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருப்பதால் கண்கள் பச்சையாக எரிவது போல் விழும். கறுப்பு லாப்ரடார் சட்டகத்தை நிறைத்து நின்றால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியளவை, அரை முதல் ஒரு ஸ்டாப் வரை குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). வெள்ளை நாய்க்கு அதே அளவு கூட்ட வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நீள மூக்கு நாய்களை, லென்ஸ் துளை அகலத் திறந்திருக்கும் எஃப் 1.8இல் நெருங்கி எடுத்தால் மூக்கு துல்லியமாக இருக்கும், கண் மங்கிவிடும். துளையைச் சுருக்கி எஃப் 5.6 வைத்து, அருகிலுள்ள கண்ணில் குவியுங்கள். உட்கார்ந்திருக்கும் நாயும் தலையை வெட்டித் திருப்பும் என்பதால் ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. படமெடுப்பவர் நின்றபடி குனியாமல், தரையில் உட்கார வேண்டும். கைபேசி என்றால் நான்கடி தள்ளிப்போய் இரண்டு மடங்கு ஜூம். கிட்டே போனால் மூக்கு மட்டும் பூசணியாகப் பெருக்கும்.

கீச்சுப் பொம்மையைச் சும்மா அமுக்கிக்கொண்டே இருக்காதீர்கள். நாலாவது தடவை நாய் திரும்பியும் பார்க்காது. எல்லாம் தயாரான பிறகு ஒரே ஒரு முறை போதும். பிஸ்கட் கொடுத்தால் வாயோரம் தூள் ஒட்டும். உப்பில்லாமல் வேகவைத்த கோழிக்கறி, கொண்டைக்கடலை அளவுத் துண்டுகளாக. சாக்லேட் கேக்கும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு, அலங்காரத்துக்குக்கூட வைக்கக் கூடாது. மல்லிகைச் சரம் போடுவதும் ஆபத்து; நாரையோ நூலையோ விழுங்கினால் குடலில் சிக்கி அறுவைச் சிகிச்சை வரை போகலாம். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவை மூன்றும் ‘போதும்’ என்பதற்கான அடையாளம். கழுத்துப்பட்டைக் கயிறு கடைசிவரை இருக்கட்டும், அதைப் பிறகு கணினியில் அழித்துவிடலாம். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வாசலிலேயே பார்க்கப்பட வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டிகளுக்கு அனுமதி கூடாது. குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

பணத்தில்தான் மனக்கசப்பு அதிகம். படத்துக்காக வாங்கும் தொகை கட்டணம், நன்கொடை ஆகாது. அதற்கு ‘80ஜி’ என்று அறியப்படும் வருமான வரிச்சலுகை ரசீது தர முடியாது. இரண்டுக்கும் தனித்தனி ரசீது போடுங்கள். நன்கொடையிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை. மேசையில் ஒட்டும் க்யூஆர் அட்டை அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்க வேண்டும், ஏற்பாட்டாளரின் சொந்த எண்ணாக இருக்கலாகாது. படத்தைக் காலண்டரில் அச்சிட உரிமையாளரிடம் அன்றே கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

அச்சுக்கு 12க்கு 18 அங்குலத் தாள் என்றால், சுவரில் மாட்டிப் பார்க்க அங்குலத்துக்கு 200 புள்ளிகள் போதும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம், வெட்டாமல் இருந்தால், தாராளமாகத் தாங்கும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1,600 புள்ளிகளாகச் சுருங்கி, அச்சில் கலங்கும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே புது ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி ஆர்டர் குவியத் தொடங்கிவிடும். ஆகவே படப்பிடிப்பை ஆகஸ்டுக்குள் முடித்து, முன்பதிவான எண்ணிக்கைக்கு மேல் ஒரு பத்து சதவீதம் மட்டும் கூட்டி அச்சிடுவதே புத்திசாலித்தனம். பொங்கல் கழிந்தால் காலண்டரைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது.

இப்படிக்கு,
நாய் வளர்ப்போரும் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களும்,
கோயம்புத்தூர்