குட்டிச் சுருட்டு திரும்ப வருகிறது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்த பிறகுதான் நிம்மதி. மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு.

உனக்குத்தான் முதலில் சொல்லவேண்டும் என்று ஒரு செய்தி வைத்திருக்கிறேன். ஒரே தடவை கொஞ்சமாகச் செய்து நிறுத்திவிட்டார்களே, நாம் ஆளுக்குப் பாதிப் பெட்டி பங்கு போட்டுக்கொண்ட அந்த நாலு அங்குலக் குட்டிச் சுருட்டு, அது திரும்ப வருகிறது! இனி எப்போதும் கிடைக்குமாம், ஆனால் ஒரே ஒரு கடையில் மட்டும். செய்வதையெல்லாம் அந்தக் கடையே எடுத்துக்கொள்கிறது.

சந்தோஷம்தான். ஆனாலும் மனதில் ஒரு கவலை. அதன் தடிமன் 38, அதாவது ஓர் அங்குலத்தை 64 பாகமாக்கினால் அதில் 38; சுமார் 15 மில்லிமீட்டர். அவ்வளவு ஒல்லியான சுருட்டில் உள்ளே இலை வைக்க இடம் ரொம்பக் குறைவு. செடியின் உச்சியில் வெயிலில் தடித்த இலைக்குக் காரம் அதிகம், எரிவதோ மெதுவாக. அதைக் கொஞ்சம் கூடுதலாக வைத்தாலும் நெருப்பு நின்று நின்று போகும். வெளியே சுற்றிய இலைதான் நாக்கில் முன்னால் நிற்கும். தடித்த சுருட்டென்றால் ஒரு இலையின் குறையை இன்னொன்று மறைத்துவிடும், இதில் அது நடக்காது.

முன்பு ஒரு விளைச்சலின் நல்ல இலையைப் பொறுக்கி வைத்துச் செய்தால் போதும். இனி மழையும் வெயிலும் மாறுகிற ஒவ்வொரு விளைச்சலிலும் அதே ருசியைக் கொண்டுவரவேண்டும். கையிருப்பில் பழைய இலை வைத்துக் கலந்தால்தான் முடியும். இதற்குத் துணிந்தவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

பழையதில் ஒன்று என்னிடம் மிச்சம் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். மேலிலையில் எண்ணெய் மினுமினுப்பு இன்னும் போகவில்லை, நரம்புகூட விரலில் தட்டவில்லை. முகர்ந்தால் தேவதாரு வாசனை. பற்றவைக்க மனம் வராமல் திரும்ப வைத்துவிட்டேன்.

புதுப் பெட்டி வந்தாலும் உடனே தொடமாட்டேன். 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் சில வாரம் கிடக்கட்டும். அதற்குள் உன் முழங்காலும் சரியாகிவிடும். வா, பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் பற்றவைத்து மாற்றி மாற்றி இழுத்துப் பார்ப்போம். உன் நாக்கு சொன்னால்தான் நான் நம்புவேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி