மாத்திரை அட்டையை மேடையில் போடச் சொல்லாதீர்கள்

திருநெல்வேலிச் சீமைச் சேகரகுருமாருக்கும் கன்வென்ஷன் கமிட்டியாருக்கும் ஒரு திறந்த மடல்

கர்த்தருக்குள் அன்பான ஐயாமாருக்கு ஸ்தோத்திரம்.

போன மாதக் கூட்டத்தின் கடைசி இரவில் நடந்தது உங்களுக்கே தெரியும். விசுவாசிக்கிறவர்கள் மருந்தைக் கொண்டுவந்து மேடையில் போடட்டும் என்றார் பிரசங்கியார், ஜனங்களும் போட்டார்கள். பெயர் சொல்லி யாரையும் சந்திக்கு இழுக்க வரவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான். சுகத்துக்காக ஜெபிக்கும் ஒவ்வொரு மேடையிலும், ஜெபத்துக்கு முன்னும் பின்னும், "டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள்" என்று சொல்லுங்கள்.

அந்தக் குவியலில் பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை எல்லாம் கிடந்திருக்கும். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை, ஊருக்கே தெரியும். டிபி (காசநோய்) மாத்திரை அட்டையின் சங்கதிதான் யாருக்கும் புரிவதில்லை.

50 முதல் 64 கிலோவரை எடையுள்ளவருக்குத் தினமும் 4 மாத்திரை. முதல் 2 மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்கும் சேர்ந்தது; அடுத்த 4 மாதம் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும். இரண்டு மூன்று வாரத்திலேயே காய்ச்சல் விட்டு, இருமல் அடங்கி, பசியெடுக்கும். வேகமாகப் பெருகும் கிருமிகள் அதற்குள் செத்துவிடுவதால் வரும் தெளிவு அது. மந்தமாகப் பதுங்கிக் கிடப்பவை நுரையீரலுக்குள்ளேயே இருக்கும். மீதி மாதங்கள் முழுக்க அவற்றுக்காகத்தான். நோயாளி கண்ணுக்கு அது தெரியுமா? மருந்தால் மூத்திரம் செம்மஞ்சளாகப் போகிறது, குமட்டுகிறது, மூட்டு வலிக்கிறது. நோயோ போய்விட்டாற்போல இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மேடையிலிருந்து "சுகமானாய்" என்று குரல் வந்தால் நம்பத்தான் செய்வார். சாட்சியும் சொல்வார். இருமல் இல்லை என்று அவர் சொல்வது உண்மைதானே.

சில மாதத்தில் இருமல் திரும்பும். ஆயிரம் பேர் முன்னால் சாட்சி சொன்னவர் எந்த முகத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவார்? விசுவாசத்தில் விழுந்துபோனான் என்று தெருவில் பேசுவார்களே என்று வீட்டுக்குள் கிடப்பார். அதே அறையில் பிள்ளைகளும் படுத்திருக்கும். கடைசியில் சளி கொடுக்க வரும்போது, ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்கவில்லை என்று ரிப்போர்ட் வந்தால், அப்புறம் ஈசிஜி எடுத்து எடுத்துக் கொடுக்க வேண்டிய மருந்து, கால் மரத்துப்போகச் செய்யும் மருந்து என்று போகும். அப்போது அவர் கட்டில் பக்கம் பிரசங்கியார் யாரும் வருவதில்லை.

உபவாசக் கூட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டோ சர்க்கரை மாத்திரை விழுங்கிவிட்டோ வெறும் வயிற்றோடு மத்தியானம்வரை உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், வாய் குழறும், ஆள் சாய்வார். அதைப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று சொல்லிச் சுற்றி நின்று துதிக்கிறார்கள். நினைவிருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரசங்கியாருக்குத் தொண்டை கட்டினால் மேடைக்குப் பின்னால் சுக்குக் காபி வருகிறது. அதில் மட்டும் அவிசுவாசம் இல்லையாம்!

வேதத்தில், வியாதிப்பட்ட எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தார், ஜெபம் கேட்கப்பட்டது, அதன்பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அவர் பிளவைமேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். பத்துக் குஷ்டரோகிகளையும் ஆசாரியர்களிடம் போய்க் காட்டச் சொன்னார் ஆண்டவர். தேறியதைப் பார்த்து உறுதிசெய்வது அன்று அவர்கள் வேலை. இன்று டிபிக்கு அந்த வேலையைச் செய்வது சளிப் பரிசோதனை. நம் டோனாவூரில் பரம சுகசாலை என்று ஆஸ்பத்திரி எழும்பக் காரணமான மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார்கள். அம்மாளுக்கு விசுவாசம் பற்றவில்லை என்று சொல்ல எந்தப் பிரசங்கியாருக்காவது வாய் வருமா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். வார்டில் ஜெபம் வேண்டாம் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. வாரம் ஒருமுறை உபதேசியார் வீட்டுக்குப் போய் ஜெபித்து, அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணிப் பார்த்தால், ஆறு மாதமும் விடாமல் சாப்பிட வைப்பதற்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது.

ஆகையால் தயவாய்க் கேட்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் முன்பே பிரசங்கியாரிடம் பேசிவிடுங்கள்: மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது, மேடையில் வாங்கக்கூடாது. டிபி சுகமானது என்று சாட்சி சொல்ல வருகிறவர், மருந்தை முடித்து, கடைசிச் சளி ரிப்போர்ட்டோடு வரட்டும். பந்தல் ஓரத்தில் ஒரு மேஜை மட்டும் கொடுங்கள். குளுக்கோமீட்டரும் பிரஷர் பார்க்கும் கருவியுமாக நாங்களே வந்து உட்காருகிறோம். போன கூட்டத்தில் அட்டையைப் போட்டுவிட்டுப் போனவர்களை வருகிற ஞாயிறு ஆராதனை அறிவிப்பிலேயே திரும்ப ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்கள். திட்ட மாட்டோம்.

இப்படிக்கு,
மிஷன் ஆஸ்பத்திரி நர்சுமார், லேப் மற்றும் பார்மசி ஊழியர்கள்