செடி உறிஞ்சிய ஈயம் எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மையாக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். பயனுள்ள கட்டுரைதான், ஆனால் ஈயத்தையும் காட்மியத்தையும் ஆகாயத்தாமரை சிதைத்துவிடுவதாக அதில் கூறியிருப்பது பிழை.

இவை இரண்டும் தனிமங்கள். எந்தச் செடியாலும் எந்தப் பாக்டீரியாவாலும் அவற்றைச் சிதைக்க இயலாது. ஆகாயத்தாமரையைப் பிடுங்கித் தூக்கினால், இறகுகளை அடுக்கியதுபோல் அடர்ந்த கருநிற வேர்க்கற்றை நீர் சொட்டத் தொங்கும். உலோகத்தில் பெரும்பகுதி அந்த வேரிலேயே தங்கிவிடுகிறது. செல்லுக்குள் நுழைந்ததை, பைட்டோகெலாட்டின் என்னும் சிறு பெப்டைடுகளால் (புரதத் துண்டு போன்றவை) பிணைத்து, செல்லினுள் இருக்கும் வாக்குவோல் என்னும் பைக்குள் செடி பூட்டிவைக்கிறது. செடி அழுகினால் பூட்டும் கழன்று, உலோகம் மீண்டும் நீருக்கும் சேற்றுக்குமே திரும்பும்.

ஆனால் கார்பனை அடிப்படையாகக் கொண்ட கரிமச் சேர்மங்களைச் செடி உண்மையாகவே மாற்றியமைக்கிறது. பீனால் கலந்த நீரைக் கோரையினச் செடிகள் தூய்மையாக்குவதை ஜெர்மனியைச் சேர்ந்த கேத்தே சைடல் 1950களிலேயே ஆராயத் தொடங்கினார். மிரியோஃபில்லம் என்னும் நீர்ச்செடியோ டி.என்.டி. வெடிமருந்தையே உருமாற்ற வல்லது. செல்லுக்குள் நடப்பது ஏறக்குறைய நம் கல்லீரல் செய்யும் வேலை: நொதிகள் முதலில் நச்சு மூலக்கூறை ஆக்சிஜனேற்றியோ ஒடுக்கியோ மாற்ற, பின்னர் அதனோடு சர்க்கரையோ குளூட்டத்தயோன் என்னும் சிறு பெப்டைடோ இணைக்கப்படுகிறது. நமக்கு அதை வெளியேற்றச் சிறுநீரகம் உண்டு. செடிக்கு இல்லாததால், எச்சம் வாக்குவோலிலோ செல்சுவரிலோ ஒதுக்கப்படுகிறது.

சம்பங்கோரையின் இலையைக் குறுக்கே வெட்டினால், தேன்கூடுபோல் வரிசையாகக் காற்றறைகள் தெரியும். இத்தகைய காற்றுப் பாதைகள் வழியே ஆக்சிஜன் வேருக்கு இறங்கிச் சுற்றியுள்ள சேற்றில் கசிவதால், அங்கே வாழும் பாக்டீரியாக்கள் எண்ணெய் போன்ற மாசுகளைச் சிதைக்கின்றன. உழைப்பில் பெரும்பங்கு அவற்றினுடையது, பெயர் என்னவோ செடிக்கு!

ஆகவே, உலோகம் கலந்த நீரில் வளர்த்த செடிகளை அழுகுமுன் வாரியெடுக்க வேண்டும். அவை கால்நடைத் தீவனமாகவோ எருவாகவோ போய்விடக் கூடாது. எரித்தாலும் உலோகத்தில் ஒரு பகுதி சாம்பலில் எஞ்சும் என்பதால், அதையும் நச்சுக்கழிவாகவே கையாள வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இனி இத்தகைய திட்டங்களைப் பற்றி எழுதும்போது, வாரியெடுக்கும் செடிகள் எங்கே கொண்டுபோகப்படுகின்றன என்பதையும் விசாரித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்