பெயருக்குப் பக்கத்தில் எழுதும் 'பெ'

கிருஷ்ணகிரி மாவட்ட மாங்கூழ் ஆலை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். இன்னும் சில வாரங்களில் பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளி பக்கமெல்லாம் மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போய் ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். கூலி பேசி முடிப்பதற்குள் இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

உங்களில் ஒருவருடைய ஆலையில் ஆறு சீசன் மஸ்டர், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவேடு, எழுதியவள் நான். அதற்கு முன்பு இரண்டு சீசன் பழம் நறுக்கும் மேசையில் நின்றிருக்கிறேன். எந்த ஆலை என்று சொல்லப்போவதில்லை. பல ஆலைகளில் வேலை பார்த்த அக்காக்களிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதே கதைதான்.

மஸ்டரில் பெயர், ஊர், வந்த நேரம் எழுதுவோம். பெயருக்குப் பக்கத்தில் 'ஆ' அல்லது 'பெ' என்று ஓர் எழுத்து. வாரக் கடைசியில் கூலி போடும்போது அவர் என்ன வேலை செய்தார் என்று நான் பார்க்கவே வேண்டியதில்லை. அந்த எழுத்தைப் பார்த்தால் போதும். 'பெ' என்றால் நாளுக்கு 150 ரூபாய் குறைவு.

ஒரு ஜூலை மாதம், பழம் குவிந்து கிடக்கிறது, ஆள் போதவில்லை. பிளஸ் டூ முடித்த ஒரு பையனைப் பழம் பிரிக்கும் பெல்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவனுக்கு எதிரே நின்ற அக்காவுக்கு அது பதினான்காவது சீசன். சொத்தைப் பழத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "காம்புப் பக்கம் கட்டைவிரலை வெச்சு அழுத்திப் பாரு தம்பி, உள்ளே கெட்டிருந்தா மெத்துன்னு இறங்கும்" என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரே பெல்ட், ஒரே ஷிப்ட், ஒரே பழம். சனிக்கிழமை அவன் அவரைவிட ஆறு நாளைக்கு 900 ரூபாய் அதிகம் வாங்கிக்கொண்டு போனான்.

அந்த அக்கா என் மேசைக்கு வந்து கையெழுத்துப் போடக் கையை வைத்தார். மாம்பால் பட்டு விரலிடுக்கெல்லாம் கருத்து, தோல் உரிந்திருந்தது. "ஏம்மா, அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே நான்தானே?" என்று கேட்டார். சண்டை போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "ரேட் நான் போடறதில்லைக்கா" என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ரேட்டை நான் போடவில்லை, சரி. அந்த எழுத்தை எழுதியது என் கைதானே.

ஆண்கள் கனமான வேலை செய்கிறார்கள், அதனால்தான் கூலி கூட என்று சொல்வீர்கள். ஒரு டிரம்மில் கூழ் மட்டுமே 215 கிலோ இருக்கும். அதை உருட்டி அடுக்குவது கனமான வேலைதான், மறுக்கவில்லை. அந்த வேலைக்குக் கூடுதல் கூலி போடுங்கள், செய்கிறவர் யாராக இருந்தாலும் கொடுங்கள். ஆனால் பழுக்க வைக்கிற ஷெட்டிலிருந்து கழுவும் தொட்டிக்கு நாள் முழுக்கப் பழப்பெட்டி (கிரேட்) தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பெண்கள். ஈரத்தில் எட்டு மணி நேரம் நின்று காலெல்லாம் ஊறிப்போகிறவர்களும் அவர்கள்தான். நான் எழுதிய ஆறு சீசனில் அதை யாரும் கனமான வேலை என்று சொல்லிக் கேட்டதில்லை. அதையே ஆண்கள் செய்திருந்தால் அதற்கு ஒரு தனி ரேட் இருந்திருக்கும்.

சட்டம் இதில் குழப்பமே இல்லாமல் இருக்கிறது. சம ஊதியச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. அச்சு அசலாக ஒரே வேலையாக இருக்க வேண்டும் என்றுகூட அது கேட்கவில்லை. ஒரே மாதிரியான வேலையாக இருந்தாலே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. சமமாக்குகிறேன் என்று சொல்லி ஆண்களின் கூலியைக் குறைக்கவும் கூடாது, குறைந்ததைத்தான் உயர்த்த வேண்டும். அதற்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இது அப்படியே இருக்கிறது.

கட்டுபடியாகாது என்பது அடுத்த பதில். விற்காத கூழ் குடோனில் தேங்கி நின்ற வருடங்களை நானும் பார்த்திருக்கிறேன், உங்கள் கஷ்டம் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனியில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் தொடுத்த வழக்கில், 1987லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நிர்வாகத்தின் பண வசதியைப் பார்த்து இந்தச் சட்டம் பொருந்துமா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. நட்டம் வந்தால் அதைப் பெண்ணாள் கூலியில் மட்டும் பிடிப்பது எந்தக் கணக்கில் நியாயம்?

அந்த எழுத்து இன்னொரு காரியமும் செய்தது. ஒரு சீசனில் ராயக்கோட்டை தக்காளி மண்டியில் கூடை தூக்கிக்கொண்டிருந்த ஒரு திருநங்கை, எங்கள் ஊர்ப் பெண்களோடு வேனில் வந்து இறங்கினார். நன்றாக உழைப்பவர் என்று கூட வந்தவர்களே சொன்னார்கள். "இவங்களுக்கு எந்த எழுத்தும்மா போடுவே?" என்று மேஸ்திரி என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு பஸ் ஏறப் போனார். மாற்றுப் பாலினத்தவர் என்பதற்காக வேலை மறுக்கக் கூடாது என்று 2019லிருந்து சட்டம் இருக்கிறது. அதையெல்லாம் அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். செய்யும் வேலையைப் பார்த்துக் கூலி போடும் மஸ்டராக இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

பாலியல் தொந்தரவு பற்றியும் சொல்ல வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் புகார்க் குழு வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். எங்கள் ஆலைச் சுவரில் நான்கு பெயர் ஒட்டியிருந்தது. அதில் ஒருவர் வேலையை விட்டே இரண்டு சீசன் ஆகியிருந்தது. நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சீசன் ஆட்களுக்கு அந்த மூன்று மாதத்தில் வேலையே முடிந்துவிடும். அதனால் வேலைக்குச் சேரும் முதல் நாளே யாரிடம் போய்ச் சொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், தெலுங்கும் கன்னடமும் இந்தியும் மட்டும் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். மாவட்ட அளவில் ஓர் உள்ளூர்ப் புகார்க் குழு இருப்பதையும் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத ஒரு மாற்றம். இந்த சீசன் மஸ்டரில் 'ஆ', 'பெ' பார்த்துக் கூலி போட வேண்டாம். கிரேட், கழுவுதல், பிரித்தல், நறுக்குதல், டிரம் என்று வேலையின் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ரேட் வைத்து, அதைக் கேட்டில் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிப் போடுங்கள். ஆள் பேசுகிற மேஸ்திரியிடமும் அந்தத் தாளைக் கொடுத்து அனுப்புங்கள். "காண்ட்ராக்டர்தான் கூலி போடுகிறார்" என்று தயவுசெய்து ஒதுங்கிவிடாதீர்கள். பழம் உங்கள் பெல்ட்டில்தான் ஓடுகிறது.

புது மாதிரி மஸ்டர் எழுத உங்கள் கணக்கருக்குத் தடுமாற்றமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள். எந்த ஆலையாக இருந்தாலும் முதல் வாரம் நான் வந்து கூடவே உட்கார்ந்து எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
மஸ்டர் எழுதியவள்
காவேரிப்பட்டணம்