மணிக்கட்டில் லைன் போட்ட கை: மகளுக்கு ஒரு கடிதம்

பாப்பா,

போனில் நீ கேட்டதற்குப் பாதி பதில்தான் சொன்னேன், அதற்குள் வார்டில் உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு அம்மாவுக்கு ஆர்ட்டீரியல் லைன், அதாவது பிரஷரை விடாமல் பார்க்கத் தமனிக்குள் வைக்கும் மெல்லிய குழாய், போட்ட கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுத்துக் கிடக்கின்றன, மானிட்டரில் அலை மட்டும் ஒழுங்காக ஓடுகிறது, எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுதானே கேட்டாய்? பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. மீதியை இதில் எழுதுகிறேன். ஐசியூ வேலையை விட்டாலும் அம்மாவுக்கு இந்த விஷயத்தில் வாய் அடங்காது, பொறுத்துக்கொள்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வை. நாம் நாடி பிடிக்கும் ரேடியல் தமனி லைனால் அடைத்துக்கொள்வது சாதாரணமாக நடப்பதுதான். 2002-இல் 19,000-க்கும் மேற்பட்ட ரேடியல் லைன்களைச் சேர்த்து ஒரு ஆய்வு வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தமனி தற்காலிகமாக அடைத்திருந்தது. நிரந்தரமாகக் கை கெட்டது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. சுண்டுவிரல் பக்கம் வரும் அல்நார் தமனியும் உள்ளங்கையில் வந்து சேர்வதால்தான் இந்த தைரியம். ஒரே குளத்துக்கு இரண்டு வாய்க்கால் மாதிரி. இரண்டு தமனியையும் அழுத்திப் பிடித்து, அல்நாரை மட்டும் விட்டு உள்ளங்கை சிவக்கிறதா என்று பார்க்கும் ஆலன் டெஸ்ட் செய்தாயா என்று யாராவது கேட்பார்கள். செய், ஆனால் அதை மட்டும் நம்பாதே. 1929-இல் எட்கர் ஆலன் அதைச் சொன்னது கைகால் தமனிகள் அடைத்துக்கொள்ளும் பர்ஜர் நோய்க்காரர்களுக்காக. அதில் தேறிய கையிலும் விரல் கருத்ததுண்டு, தேறாத கை ஒன்றும் ஆகாமல் பிழைத்ததும் உண்டு.

சரி, விரல் வெளுத்துவிட்டது. அலை நன்றாக இருக்கிறதே என்று சமாதானம் ஆகாதே. குழாயின் நுனி இருக்கும் இடத்துப் பிரஷரைத்தான் அது காட்டும். அதற்குக் கீழே சின்னச் சின்ன ரத்தக்கட்டிகள் விரலுக்குள் போய் உட்கார்ந்திருந்தால் மானிட்டருக்கு எப்படித் தெரியும்? அடுத்த கையைப் பக்கத்தில் வைத்துப் பார். அயர்லாந்துக் குளிரில் இரண்டு கையுமே சில்லென்றிருக்கலாம், பிரஷரை ஏற்றும் நோர்அட்ரினலின் மருந்து ஓடினால் நகமெல்லாம் வெளிறும். ஒரு கை மட்டும் மாறியிருந்தால் அது லைனின் வேலை. நகத்தை அழுத்தி விட்டு, நிறம் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார். அந்த விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார். நோயாளி முழித்திருந்தால் வலிக்கிறதா, மரத்துப்போயிருக்கிறதா என்று கேள். மயக்கத்தில் இருப்பவருக்கு நீதான் கேட்க வேண்டும், நீதான் பதிலும் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்போதே டாக்டரைக் கூப்பிட்டுவிடு. அவர் வருவதற்குள் பிளாஸ்டரைத் தளர்த்து, மணிக்கட்டுக்கு அடியில் வைத்த ரோலை எடு. சிரிஞ்சை வைத்து வேகமாக ஃப்ளஷ் மட்டும், அதாவது குழாய்க்குள் சலைனைத் தள்ளி அடைப்பை எடுக்கப் பார்ப்பது, செய்யவே செய்யாதே. கட்டி இன்னும் கீழே போகும். வேகமாகத் தள்ளினால் காற்றுக்குமிழோ கட்டியோ எதிர்த்திசையில் மூளை வரைக்கும்கூடப் போகலாம். டாக்டர் சொன்னதும் லைனை எடுத்துவிட வேண்டியதுதான். பிரஷர் பார்க்க வேறு இடம் கிடைக்கும். ஆளைப் போர்த்திவிடு, கையைக் கதகதப்பாக வை, ஆனால் சுடுநீர்ப் பை வேண்டாம். ரத்தமும் உணர்ச்சியும் குறைந்த கை, சுட்டாலும் அதற்குத் தெரியாது.

அப்புறம் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். தமனி சுருங்கிக்கொண்டது என்றால் நைட்ரோகிளிசரின், பாப்பாவெரின் போன்ற மருந்துகள், அல்லது கைக்குப் போகும் நரம்புகளை மரக்கவைக்கும் பிளாக். கட்டி என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின். ஆனால் நேற்றுத்தான் வயிற்றைத் திறந்து மூடியவருக்கு ஹெப்பரின் ஓட்டலாமா என்பதை சர்ஜனும் மயக்க டாக்டரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், அதைத் தள்ளிப்போட விடாதே. கை தேறவில்லை என்றால் வாஸ்குலர் சர்ஜன் தமனியைத் திறந்து, 1963-இல் ஃபோகார்ட்டி கொண்டுவந்த பலூன் குழாயை விட்டுக் கட்டியை இழுத்து எடுப்பார். சுவர் கிழிந்திருந்தால் ஒரு துண்டு சிரையை வைத்துத் தைப்பார். தசையும் நரம்பும் ரத்தமில்லாமல் 6 மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கஷ்டம். 'காலை ரவுண்ட்ஸில் பார்க்கலாம்' என்ற வார்த்தையை நான் வெறுப்பது அதனால்தான்.

இதற்கு நேர் எதிரான ஒன்று உண்டு. யாராவது தவறிப்போய் சிரையில் போட வேண்டிய மருந்தை ஆர்ட்டீரியல் லைனில் போட்டுவிட்டால், பதறிப்போய் லைனைப் பிடுங்காதே. மருந்தை நிறுத்து, குழாய் உள்ளேயே இருக்கட்டும், அதன் வழியாகத்தான் தமனியை விரிக்கும் மருந்தை உள்ளே அனுப்ப முடியும். அமெரிக்காவில் டயானா லெவின் என்ற இசைக்கலைஞருக்கு 2000-இல் தலைவலியோடு வந்த வாந்திக்காக ப்ரோமெதசீன் ஊசி போட்டார்கள். சிரைக்குப் போக வேண்டியது தமனிக்குள் போய், கை அழுகி, முன்கை வரை எடுக்க வேண்டியதாயிற்று. 2009-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. அங்கே லைன்கூட இல்லை, வெறும் ஊசிதான். அதனால் லைனில் மாட்டியிருக்கும் மூன்று வழித் திருகான த்ரீவேயில் சிவப்பு லேபிள் ஒட்டாமல் ஷிஃப்டை ஒப்படைக்காதே, அப்படி ஒட்டாத லைனை வாங்கிக்கொள்ளவும் செய்யாதே. மூத்தவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

லைனை எடுத்த பிறகு வரும் சங்கதியை நம் ஆட்கள் மறந்தே போகிறார்கள். ஒரு பெரியவர் ஐசியூவிலிருந்து வார்டுக்குப் போய்ச் சில நாள் கழித்து மணிக்கட்டில் கோலிக்குண்டு அளவுக்கு வீக்கத்தோடு இருந்தார். சிவந்திருந்தது, தொட்டால் வலி. சீழ்க்கட்டி என்று முடிவு செய்து கீறிவிட ட்ரே எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. டிரெஸிங்கைப் பிரித்த சிஸ்டர் அதன் மேல் விரலை வைத்தாள். துடித்தது. ஸ்டெத்தை வைத்தால் உஸ்ஸென்று சத்தம். தமனிச் சுவரில் ஓட்டை விழுந்து, வெளியே வந்த ரத்தம் பை மாதிரி நின்றிருந்தது, சூடோ அனியூரிசம். கீறியிருந்தால் அந்தப் படுக்கையிலேயே ரத்தம் பீச்சியிருக்கும். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியாயிற்று, இப்போது உனக்கும் சொல்கிறேன்: லைன் போட்ட இடத்தில் வீக்கம் வந்தால் ஸ்கேன் பார்க்காமல் கத்தி எடுக்க விடாதே.

சின்னதாக இருந்தால் ஸ்கேன் பார்த்தபடியே அழுத்திப் பிடித்து அடைப்பார்கள், இல்லையென்றால் பைக்குள் ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் செலுத்துவார்கள். அது தமனிக்குள் நழுவினால் விரலே போய்விடும், கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை. பெரியதாகவோ கிருமி பிடித்தோ இருந்தால் ஆபரேஷன்தான். கிருமி பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அந்தப் பெரியவருக்கும் அதுதான். காய்ச்சல் இருந்ததால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் தொடங்கி, கெட்ட பகுதியை வெட்டியெடுத்து இரண்டு முனையையும் கட்டிவிட்டார்கள். அல்நார் நன்றாக ஓடுகிறதா என்று முன்பே பார்த்துக்கொண்டதால் ரேடியலைத் திரும்ப இணைக்கவில்லை. கை பழையபடி வேலை செய்தது.

லைனை எடுத்ததும் குறைந்தது 5 நிமிடம் நீயே விரலால் அழுத்து, ஹெப்பரின் ஓடுகிறவர் என்றால் இன்னும் கூடுதலாக. பஞ்சை வைத்து இறுக்கிச் சுற்றிவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடாதே. இறுகிய கட்டு இருக்கிற ரத்த ஓட்டத்தையும் கெடுக்கும். மணிக்கட்டை வெகுநேரம் பின்னால் வளைத்து வைத்திருந்தால் நடுநரம்பு இழுபட்டு விரல் மரமரவென்றிருக்கும், அதையும் கேட்டு எழுதி வை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொருவரிடமும், 'ஊசி போட்ட இடம் வீங்கினாலோ துடித்தாலோ, விரல் நிறம் மாறினாலோ அன்றைக்கே வாங்க' என்று சொல்வேன். உங்கள் ஆஸ்பத்திரியில் இதற்குத் தாள் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் எளிய இங்கிலீஷில் நான்கு வரி எழுதி உன் இன்சார்ஜிடம் காட்டு. எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா