சீசன் இல்லாத கடலுக்குச் சீசன் கட்டணம்: பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்: கோத்தகிரி வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: டிசம்பர் மாதத் திருகோணமலைச் சுற்றுலா, கட்டண வித்தியாசத்தைத் திருப்பித் தருதல் தொடர்பாக

ஐயா,

டிசம்பர் கடைசி வாரம் உங்கள் நிறுவனத்தின் இலங்கைக் கடற்கரைச் சுற்றுலாவுக்கு நானும் என் மனைவியும் அம்மாவும் போய் வந்தோம். ஒருவருக்கு 58,000 ரூபாய் கட்டினோம். ரசீதில் 'சீசன் கட்டணம்' என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். என் புகார் அந்த ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

அம்மாவுக்கு மூட்டுவலி. பனி விழும் மாதங்களில் இங்கே காலையில் எழுந்து நடப்பதே அவருக்குப் பெரிய பாடு. அவர் இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி சிறு வயதிலேயே தாயகம் திரும்பியவர். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். பிறந்த நாட்டை மறுபடி பார்க்க வேண்டும், கொஞ்ச நாள் வெயிலில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். உங்கள் குன்னூர் அலுவலகத்தில் இதையெல்லாம் சொல்லித்தான் கேட்டோம். திருகோணமலை பக்கத்து நிலாவெளி கடற்கரை, அமைதியான கடல், புறாத் தீவுக்குப் படகு, பவளப்பாறை என்று துண்டறிக்கையைக் காட்டி, 'டிசம்பர்தான் சரியான மாதம்' என்றார்கள்.

போய்ப் பார்த்தால் வானம் மூடிக் கிடந்தது. வாடைக்காற்று, விட்டு விட்டு மழை, ஆளுயர அலை. கடலில் கால் நனைக்கக்கூட அம்மாவை விட முடியவில்லை. படகுக்காரரைக் கேட்டால், இது மாரி காலம், சித்திரை பிறந்த பிறகு வாருங்கள் என்கிறார். விடுதியில் நீச்சல் குளத்தை வடித்துவிட்டுப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் பாதி உணவு கிடையாது. வரவேற்பறைப் பலகையில் அந்த மாதத்துக்கான ஆஃப் சீசன் வாடகை எழுதியிருந்தது. அது சீசன் வாடகையில் பாதிக்கும் கீழே. புகைப்படம் இணைத்திருக்கிறேன்.

திரும்பி வந்து தொலைபேசியில் கேட்டபோது, 'மழைக்கு நாங்கள் பொறுப்பாக முடியாது' என்று உங்கள் ஊழியர் சொன்னார். எதிர்பாராத ஒரு நாள் மழை என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். இது அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழைதான் இலங்கையின் கிழக்குக் கரைக்குப் பெரிய மழை. அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை அங்கே மழையும் கொந்தளிப்பும் ஆண்டுதோறும் வருவதுதான். திருகோணமலையில் கடற்கரை சீசன் மே முதல் செப்டம்பர் வரை. அதே டிசம்பரில் தீவின் தென்மேற்கே பெந்தோட்டை, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ பக்கம் சீசன் களைகட்டியிருக்கும். அம்மா கேட்டது வெயிலும் கடலும்தான். அவரை அந்தக் கரைக்கு அனுப்பியிருக்கலாமே?

நீலகிரியில் தொழில் செய்பவர்களுக்கு இது தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே மாவட்டத்தில் கூடலூருக்கு ஜூன், ஜூலையில் மழை கொட்டும். கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. மலையின் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் இங்கே எல்லாருமே பேசுவோம். ஏப்ரல், மே ஊட்டி சீசனில் அறை வாடகை என்ன, சீசன் முடிந்தால் என்ன என்பதும் உங்களுக்கு அத்துபடி. ஜூலை மழையில் ஊட்டிக்கு வருகிறவரிடம் மே மாத வாடகை வாங்கினால் நாமே அதை அநியாயம் என்போம்.

ஆஃப் சீசனில் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அங்கே குளிர் இல்லை; அம்மாவின் முழங்கால் வலி நன்றாகவே குறைந்தது. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலில் கூட்டமே இல்லாமல் நின்று நிதானமாகக் கும்பிட்டார். கன்னியா வெந்நீர் ஊற்றின் ஏழு கிணறுகளிலும் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டு சிறு பிள்ளை போலச் சிரித்தார். கடல் இருக்காது, கோயிலும் ஊரும் பார்க்கலாம், அதற்கேற்ற கட்டணம் இவ்வளவு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்போம். அப்புறம், மிச்சமான பணத்தில் அட்டனில் இன்னும் கொஞ்ச நாள் தங்கியிருப்போம். அம்மா பிறந்த இடத்துக்கு உங்கள் திட்டத்தில் அரை நாள்தான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனவே நான் கேட்பது: விடுதியின் சீசன் வாடகைக்கும் ஆஃப் சீசன் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தையும், நடக்காத படகுப் பயணத்துக்கு வாங்கிய தொகையையும் மூவருக்கும் திருப்பித் தாருங்கள். துண்டறிக்கையில் ஒவ்வொரு கடற்கரைக்கும் எந்த மாதம் சீசன் என்று அச்சிடுங்கள். ஜனவரிக்கு இதே சுற்றுலாவில் வெலிங்டன், குன்னூர்க் குடும்பங்கள் பதிவு செய்திருப்பதாக உங்கள் ஊழியரே சொன்னார். அவர்களிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லி, வேண்டாம் என்பவர்களுக்குப் பிடித்தம் எதுவும் செய்யாமல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். என் பணத்தைவிட இது அவசரம்.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். ரசீது, துண்டறிக்கை, வாடகைப் பலகையின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்