வசந்திக்கு, முள்ளியவளையிலிருந்து

அன்பின் வசந்தி,

தைப்பொங்கலுக்கு நீ போட்ட கடிதம் இன்னும் என் மேசை லாச்சிக்குள்தான் கிடக்கிறது. ஐந்து மாதம் பதில் எழுதாமல் விட்டுவிட்டேன். பேத்தியின் காய்ச்சல், முழங்கால் நோ, வயல் என்று காரணங்கள் உண்டு. அவற்றைச் சொல்லி உன்னிடம் தப்ப மனமில்லை. மன்னித்துக்கொள். அத்தானின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று தேவி சொன்னாள், பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சிறுபோகம் விதைத்தாயிற்று.

சரி, சேதிக்கு வருகிறேன். சின்னம்மா பாடினார்.

நின்றுகொண்டு வாசிக்கிறாய் என்றால் இருந்து வாசி. 1983 வைகாசியில் நீ வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்தபோது கிட்டிணர் பெரியப்பாவின் செத்தவீட்டில் கேட்டாயே, அந்தச் சின்னம்மாதான். அன்று இரவு நீ சாப்பிடாமல் படுத்ததும், விடிய எழும்பி “இவ எங்கட ஊரில பிறந்திருக்க வேணும் கா” என்று சொன்னதும் எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தம்பியை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு ஒரு செத்தவீட்டிலும் வாய் திறக்கவில்லை. மெனிக் பாம் முகாமிலும் இல்லை, ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் இல்லை. கூப்பிடப் போனவர்களிடம் “எனக்கு மறந்து போச்சு” என்பார். கொஞ்ச வருஷத்தில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள்.

வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கிழமை எங்கள் வாசிகசாலை வெளியில் கோவலன் கூத்து ஆடினார்கள். எங்கள் முல்லைத்தீவுப் பாணி, முல்லைமோடி. (உன் கிழக்குப் பக்கத்து வடமோடி, தென்மோடிக் கூத்துப் பெருமையை இந்த ஒரு கடிதத்துக்கு ஓரமாக வை.) பாய், கச்சான், பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். சின்னம்மாவும் வந்தார். வழமையாக அரைவாசியில் படுத்துவிடுவார், அன்று படுக்கவில்லை.

கண்ணகி வேஷம் கட்டியவன் ஓட்டோ ஓடுகிற பெடியன். நல்ல குரல். தகப்பனை 2009இல் பறிகொடுத்தபோது அவனுக்கு ஏழு வயது. வெட்டுண்ட கோவலனைக் கண்டு கண்ணகி புலம்புகிற இடம் வந்தது. இரண்டு வரி பாடினான். மூன்றாவது வரியில் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுகிறான் என்று எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. பிற்பாட்டுக்காரரும் திகைத்துப் போனார்கள். மத்தளம் நின்றது, கூத்துப் பழக்கிய அண்ணாவியாரின் தாளம் மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது என் பக்கத்துப் பாயிலிருந்து ஒரு குரல் எழும்பியது. கூத்துப் பாட்டில்லை, செத்தவீட்டு ஒப்பாரி. எனக்கு மனதில் நிற்கிற நாலு வரியை எழுதுகிறேன்:

கூப்பிட நேரமில்லை – என்ர ராசா
குரலெடுக்க மூச்சுமில்லை
மூட ஒரு சீலையில்லை – நான்
மூடினது மண்தானே

இன்னும் பாடினார். அண்ணாவியார் அந்தத் தாளத்தை விடவே இல்லை, அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். வெளி முழுக்க ஒரு சத்தமில்லை. பிறகு சின்னம்மா பெடியனைப் பார்த்துக் கையைக் காட்டினார், ‘இனி நீ’ என்கிற மாதிரி. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்தில் பிடித்தான். விடியப்புறம் மதுரை எரிந்தது.

நான் அன்று நித்திரை கொள்ளவில்லை. காலையில் சின்னம்மாவிடம் ஓடினேன். எதை எதிர்பார்த்துப் போனேன் என்று இப்போது நினைக்க வருத்தமாக இருக்கிறது. இத்தனை வருஷப் பாரம் இறங்கியிருக்கும், முகம் தெளிந்திருக்கும் என்று எண்ணினேன். அவர் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். ஆடு வேலியைத் தின்கிறது என்று ஏசிக்கொண்டிருந்தார். கடைசியில் நானே கேட்டேன், “ஏன் சின்னம்மா ராத்திரி பாடினீங்கள்?”

“அந்தப் பெடியன் அழுதுகொண்டு பாடினவன். அழுதுகொண்டு பாடேலாது பிள்ளை. அழுகிறது வேற, ஒப்பாரி வேற. அதுதான் எடுத்துக் குடுத்தனான்.”

இதுதான் என்னை மூன்று கிழமையாக ஆட்டுகிறது. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்?

பழைய கொப்பிகளைத் தேடி எடுத்தேன். சமஸ்கிருதக் கவிதைக்கொள்கை எழுதிய ஆனந்தவர்த்தனர் வான்மீகியின் கிரௌஞ்சப் பறவையைப் பற்றிச் சொல்வது உனக்கு ஞாபகம் இருக்கும். வேடன் ஒரு பறவையைக் கொல்ல, அதன் சோடி கதற, அந்தச் சோகம் சுலோகமாயிற்று என்பார். அதற்கு உரை எழுதிய அபிநவகுப்தர் ஓரிடத்தில் நம்மை நிறுத்துகிறார். அது முனிவரின் சொந்தச் சோகம் என்று எண்ணிவிடாதே, சொந்தச் சோகமாக இருந்தால் அவர் துன்பத்தில் கிடந்திருப்பார், கவிதை வந்திராது என்கிறார். காஷ்மீரத்தில் ஆயிரம் வருஷத்துக்கு முன் ஒருவர் எழுதியதை, ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு மனுஷி விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி சொல்கிறார். கம்பஸில் இதைப் பாடமாக்கிச் சோதனையில் எழுதி நல்ல புள்ளி வாங்கினேன். விளங்கியது இப்போதுதான்.

டால்ஸ்டாயை நீ தூக்கிப் பிடிப்பாய். கலைஞன் தான் உணர்ந்ததை மற்றவருக்குத் தொற்ற வைப்பதுதான் கலை என்றாரே, 1890களின் கடைசியில். தொற்று என்று பார்த்தால் பெடியனின் அழுகைதான் தொற்றியது. எங்கள் கண்ணும் கலங்கியது. ஆனால் அதில் கூத்து நின்றுபோனது. சின்னம்மா பாடியபோது கலங்கினோம், அதோடு கேட்டோம். வரிக்கு வரி, எதுகைக்கு எதுகை கேட்டோம். ‘மூட’ என்று தொடங்கி ‘மூடினது’ என்று வந்து விழுந்த இடத்தில் பக்கத்தில் இருந்த கிழவி “ஓம்” என்றார். அந்த ‘ஓம்’ எனக்குப் பெரிய சாட்சி. அவரும் ஒரு மகளை அப்படி மூடியவர். சின்னம்மாவின் துக்கம் அந்த வரியில் சின்னம்மாவுடையதாக மட்டும் இருக்கவில்லை. தொல்காப்பியர் அழுகைக்கு நாலு காரணம் சொல்கிறார், இளிவே இழவே அசைவே வறுமை என்று. அந்தப் பாயில் இருந்தவர்கள் நாலையும் கண்டவர்கள்.

அப்புறம், அரிஸ்டோட்டில். இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கோபம் அந்த மனுஷனில் இல்லை. இரக்கத்தாலும் அச்சத்தாலும் கதார்சிஸ் என்ற ஒன்று நிகழ்கிறது என்று துன்பியலுக்கு வரைவிலக்கணம் சொன்னவர், அது என்னவென்று அங்கே விளக்காமல் போனார். 1857இல் யாக்கோப் பெர்னைஸ் என்ற ஜேர்மன் அறிஞர் அது வைத்தியச் சொல், பேதி கொடுத்து வெளியேற்றுவது போன்றது என்று வாதாடினார். இந்தப் பெர்னைஸ் யார் தெரியுமா? உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டின் மனைவிக்குப் பெரியப்பா முறை. பிராய்டும் அவரோடு சேர்ந்து வேலைசெய்த வைத்தியர் புரொயரும் 1895இல் எழுதிய நூலில் தங்கள் சிகிச்சைக்கே இந்தச் சொல்லைத்தான் வைத்தார்கள். அது சுற்றிச் சுற்றி, போர் முடிந்த பிறகு எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஒரு நிறுவனத்துப் பிள்ளைகள் வந்து பெண்களை வட்டமாக இருத்தி, “அழுங்கோ அம்மா, வெளியில விடுங்கோ, எல்லாம் போயிடும்” என்றார்கள். நல்ல பிள்ளைகள், நல்ல மனதோடுதான் வந்தார்கள். சின்னம்மா எழும்பிப் போய்விட்டார். அன்று நான் அவரைப் பிடிவாதக்காரி என்று நினைத்தேன். இப்போது நினைக்கிறேன், போக வேண்டும் என்று அவர் எப்போது கேட்டார்? அது போனால் தம்பியில் அவருக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

வசந்தி, உங்கள் பக்கத்தில் குளிர்த்தி இருக்கிறது. கண்ணகி அம்மன் சடங்கின் முடிவில் குளிர்த்தி பாடி அவளைக் குளிர வைக்கிறீர்கள். வெளியேற்றுவதில்லை, குளிர வைக்கிறீர்கள்! இங்கே எங்கள் கதையும் அதுதான். மதுரையை எரித்தவள் கிழவியாக நந்திக்கடல் கரைக்கு வந்து, மாடு மேய்த்த பெடியளிடம் தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். அவர்கள் தலைமயிரை விலக்கிப் பார்த்தால் உள்ளே ஆயிரம் கண். பசித்தவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள், எண்ணெய் இல்லாதபோது கடல்நீரில் விளக்கெரிந்தது. இன்றைக்கும் கடலில் தீர்த்தம் எடுத்துவந்து காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில்தான் விளக்கு வைக்கிறோம். அவள் கண் ஒன்றும் மூடவில்லை, கண்டதை மறக்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊரும் எரியவில்லை, அவள் எங்களோடு இருந்துவிட்டாள். பேதி மருந்துக் கொள்கையை விட்டுவிட்டு, நாங்கள் குளிர்த்தியை வைத்து ஒரு கலைக்கொள்கை எழுதியிருக்க வேண்டாமா? சூடு போவதில்லை, கையில் வைத்திருக்கக்கூடிய சூடாகிறது. நீதான் எழுத வேண்டும். குளிர்த்திப் பாட்டோடு வளர்ந்தவள் நீ, நான் வெறும் கொப்பிக்காரி என்று சொல்லி விலகவில்லை, என் பங்கை நான் எழுதித் தருகிறேன்.

பிளேட்டோ ஒப்பாரிக்குப் பயந்தவர். தன் குடியரசில் புலம்பல் பண்களே வேண்டாம் என்றார். மேடையில் மற்றவர் துக்கத்துக்கு இரங்கிப் பழகினால் சொந்தத் துக்கத்தில் அடக்கம் கெடும் என்றார். சின்னம்மாவை அவர் கேட்டிருக்க வேண்டும். அதைவிட அடக்கத்தை நான் கண்டதில்லை.

உன் பக்கத்துக்கும் ஒன்று விட்டுத் தருகிறேன். கவிதை உழைப்பின் தாளத்தில் பிறந்தது என்று மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாயே. நெல் அறுக்கும்போது பாடுகிற அருவி வெட்டுப் பாட்டுகள் எங்கள் வயலில் போய்விட்டன. வெட்டு மெஷின் வந்த பிறகு பாட்டுக்கு வேலையில்லை. அது நீ சொன்னபடிதான் நடந்தது. ஆனால் செத்தவீட்டுக்கு மெஷின் வரவில்லை, ஒப்பாரியும் போய்க்கொண்டிருக்கிறது. பாடத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இப்போது மூன்று பேர். இலங்கையில் பல வருஷம் வாழ்ந்த எலன் திசநாயக்க என்ற அறிஞர், கலை என்றால் சாதாரணத்தைச் சிறப்பாக்குவது, அது மனிதருக்கு உணவுபோல இயல்பான தேவை என்று எழுதினார். சாதாரண அழுகையை எடுத்து எதுகை வைத்து, தாளம் வைத்து, செத்தவருக்கு அலங்கரித்துக் கொடுக்கிறோம். 2009இல் எங்களிடமிருந்து அதுவும் பறிபோனது. ஆயிரக்கணக்கானவர்களை ஒரு வரி பாடாமல் விட்டுவிட்டு ஓடி வந்தோம். அந்தக் கடன் இன்னும் இருக்கிறது. அன்று இரவு வெளியில் இருந்த எல்லோரும் அதில் கொஞ்சம் கொடுத்தோம் என்றுதான் எனக்குப் படுகிறது. என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இன்னொன்று. பின்னேரங்களில் அந்தப் பெடியன் சின்னம்மா வீட்டுக்கு வருகிறான். ஓட்டோவை வேலியோரம் விட்டுவிட்டுத் திண்ணையில் இருக்கிறான். ஆண்பிள்ளைக்கு ஒப்பாரி எதற்கு என்று அக்கம்பக்கத்தில் கதைக்கிறார்கள். கூத்தில் கண்ணகிக்கு ஆண்பிள்ளைதானே வேண்டும் என்று சின்னம்மா கேட்டுவிட்டார். போனில் பதிவு செய்யக்கூடாது என்பது அவருடைய கட்டளை. நான் வாசல்படியில் இருந்து கேட்கிறேன், எழுதிக்கொள்வதில்லை.

அடுத்த வைகாசிக்கு வந்துவிடு. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா, பஸ்ஸில் ஏறினால் முல்லைத்தீவில் இறக்கிவிடுவார்கள், அங்கே நான் நிற்பேன். உன்னைப் பற்றிச் சொன்னேன், சின்னம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறது. தயிர் முட்டியோடு வந்த பிள்ளைதானே என்று கேட்டார். இந்த முறையும் கொண்டு வரட்டுமாம், எருமைத் தயிராக.

அன்புடன்,
மலர்